டார்வினின் 15 ஜோடிச் செடிகள்

இரண்டு சராசரிகளை ஒப்பிடும் பாடம் வந்தாலே டார்வினின் மக்காச்சோளத்தைத்தான் எடுப்பேன். அயல் மகரந்தச் சேர்க்கையில் பிறந்த செடி ஒன்று, தன் மகரந்தச் சேர்க்கையில் பிறந்தது ஒன்று என 15 ஜோடிகள். முதல் வகை சராசரியாக 2.6 அங்குலம் கூடுதல் உயரம். ஆனால் இரண்டு ஜோடிகளில் அப்படியே தலைகீழ்!

சரி, கருதுகோள்? இன்மைக் கருதுகோள்: சராசரி வித்தியாசம் பூச்சியம். மாற்றுக் கருதுகோள்: பூச்சியம் இல்லை. 1935இல் புள்ளியியலாளர் ஃபிஷர் காட்டிய டி மதிப்பு (சராசரி வித்தியாசம் அதன் திட்டப் பிழையைப் போல் எத்தனை மடங்கு என்ற அளவு) 2.148, இன்மைக் கருதுகோளை நிராகரிக்கத் தாண்ட வேண்டிய ஐந்து சதவீத எல்லை 2.145. மயிரிழைதான்! ஒரு பக்கச் சோதனை, அதாவது மாற்றுக் கருதுகோள் 'பூச்சியத்தைவிடப் பெரிது' என்றால், எல்லை 1.761, சுலபமாகத் தாண்டிவிடும்.

இன்று ஒரு மாணவி தரவைப் பார்த்த பிறகு 'சமமில்லை' குறியை அழித்து 'பெரிது' என்று மாற்றியிருந்தாள். ரப்பர் தடம் நோட்டில் அப்படியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் எழுதியதையே திரும்ப எழுத வைத்தேன்.