சொல்லி வைக்க ஆளில்லாத ஊர்

என் முதல் வேலை, அப்பாவின் ஒரே வார்த்தையில் கிடைத்தது. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். அப்பாவும் அந்த ஆடிட்டரும் விடியக்காலை ஒன்றாக வாக்கிங் போகிறவர்கள். "புள்ள எம்.காம். முடிச்சிருக்குதுங்க" என்றார் இவர். "திங்கக்கெழம வரச் சொல்லுங்க" என்றார் அவர். இன்டர்வியூ நடந்ததா என்று கேட்டால், காபி குடித்தோம். டேலியில் கணக்கு எழுதத் தெரியுமா என்றார், தெரியும் என்றேன். மேசை எங்கே என்று காட்டிவிட்டார்கள்.

இதை எங்கள் பக்கம் 'சொல்லி வைக்கிறது' என்போம். சிபாரிசு என்றால் கொஞ்சம் கூச்சம் வரும். சொல்லி வைப்பதில் அந்தக் கூச்சம் கிடையாது. ஆஸ்பத்திரியில் ரூம், ஸ்கூலில் சீட், முகூர்த்த நாளில் மண்டபம் எல்லாமே யாராவது யாரிடமாவது சொல்லி வைத்துத்தான் நடக்கும்.

2022 பிப்ரவரியில் கணவரின் வேலைக்காக ஜெர்மனி வந்து இறங்கினோம். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் எஸ்லிங்கன். கீழே நெக்கார் ஆறு, மேலே சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், அதற்கும் மேலே பழைய கோட்டைச் சுவர். பார்க்க அழகான ஊர்தான். ஆனால் சொல்லி வைக்க ஒரு ஆள் இல்லை.

தமிழ் ஆட்கள் இல்லாமல் இல்லை. தமிழ்க் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர்தான் எங்களுக்கு முதல் உறவு. எண்பதுகளில் சண்டைக்குத் தப்பி வந்தவர். கறிவேப்பிலை வாங்கப் போன அன்றே, எந்த டாக்டரிடம் போகலாம், வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரியைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார். வேலை பற்றிக் கேட்டதும் சிரித்தார். "தங்கச்சி, ரெஸ்டோரண்ட் வேலையெண்டால் நான் இப்பவே சொல்லுவன். கணக்கு வேலையெண்டால் நீங்கள் அவையளோடதான் பழக வேணும்" என்றார். அவையள் என்றால் ஜெர்மன்காரர்கள். அவர்களோடு எங்கே, எப்படிப் பழகுவது? அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பழக்கம் ஒரு துடைப்பத்தில் ஆரம்பித்தது. ஒரு திங்கட்கிழமை எங்கள் கதவுக் கைப்பிடியில் சின்னப் பலகை ஒன்று தொங்கியது. கேர்வொஹ என்று எழுதியிருந்தது. ஏதோ அலங்காரம் போல என்று நினைத்து உள்ளே எடுத்துப் போய் ஷெல்ஃபில் சாய்த்து வைத்தேன். புதன்கிழமை மேல் வீட்டம்மா கதவைத் தட்டினார். எழுபது வயதிருக்கும், நிமிர்ந்த நடை. பலகையைத் தேடி வந்திருக்கிறார். அது யார் வீட்டில் தொங்குகிறதோ அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது அந்த வீட்டின் முறை. இந்த ஷ்வாபியப் பகுதியின் பழைய வழக்கம். நான் விழித்தேன். அவர் மேலே போய்த் தன் வாளியையும் துணியையும் எடுத்து வந்து, மேல் படியிலிருந்து எப்படி இறங்கிக்கொண்டே துடைக்க வேண்டும், கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தை ஏன் விடக்கூடாது என்று செய்து காட்டினார். வாசல் தெளித்துக் கோலம் போட்டு வளர்ந்தவளுக்கு வாசல் பெருக்கப் பாடம்! சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஊரில் என்னோடு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்ற முதல் ஆள் அவர்தான்.

இரண்டு மாதம் கழித்து அவரிடமே போய் நின்றேன். கையில் ரவா லட்டு. எனக்கு வந்த ஜெர்மன் மொழியில், "உங்களுக்குத் தெரிஞ்ச ஆபீஸ் எதுலயாவது என்னைப் பத்திச் சொல்லி வைக்க முடியுங்களா?" என்பதை எப்படியோ கட்டிச் சொன்னேன். லட்டை வாங்கிக்கொண்டார். ஒரு நிமிடம் யோசித்தார். "உங்க வேலையை நான் பார்த்ததே இல்லையே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் ரொம்ப வலித்தது. அடுத்த ரெண்டு வாரம் காலடிச் சத்தத்தை வைத்து அவர் எப்போது படியிறங்குகிறார் என்று கணக்குப் போட்டு, அந்த நேரத்தில் கதவைத் திறக்காமல் இருந்தேன்.

தபாலிலும் இணையத்திலும் நாற்பதுக்கும் மேல் விண்ணப்பம் போட்டேன். சான்றிதழ்களை உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்தாயிற்று. என் பல்கலைக்கழகம் வெளிநாட்டுப் படிப்புகளுக்கான ஜெர்மன் தரவுத்தளத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு தாளும் அச்சடித்து வைத்தேன். பதில்கள் எல்லாம் ஒரே ராகம்: ஆர்வத்துக்கு நன்றி, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், உங்கள் எதிர்காலப் பாதைக்கு நல்வாழ்த்துகள். ஜெர்மன் வகுப்பு டீச்சர் ஒரு நாள் போர்டில் 'விட்டமின் பே' என்று எழுதினார். சத்து மாத்திரை என்று நினைத்தோம். உறவுகள், தொடர்புகள் என்பதற்கான ஜெர்மன் சொல் 'பே' (B) எழுத்தில் ஆரம்பிக்கிறது. ஆள் பிடித்து வேலை வாங்குவதை இப்படிக் கேலியாகச் சொல்வார்களாம். ஆக இங்கேயும் அது உண்டு! சட்டம், ஒழுங்கு, எல்லாம் தாளில்தான் என்று நம்பி ஏமாந்துவிட்டேனே என்று தோன்றியது.

அந்தக் குளிர்காலத்தில் மேல் வீட்டம்மா மறுபடி வந்தார், தான் இருக்கும் பழமரச் சங்கத்துக்குக் கூப்பிட. இங்கே எதற்கும் ஒரு சங்கம் உண்டு, ஃபெராயின் என்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம். நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. பாட்டுக்கு ஒன்று, பந்துக்கு ஒன்று, முயல் வளர்க்க ஒன்று. எங்கள் தாத்தா பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருந்தவர், எனக்கும் மரம் என்றால் பிடிக்கும், சரி என்று போனேன்.

பிப்ரவரி மாதம், சனிக்கிழமை காலை ஒன்பது மணி, புல்லில் வெள்ளைப் பனி. ஆப்பிள் மரத்துக் கிளையை எப்படிக் கழிப்பது என்று ஒருவர் ஏணியில் நின்று காட்டினார். நான் கீழே விழுந்த கிளைகளை அள்ளிக் குவித்தேன். யாரும் என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன படிப்பு, புருஷனுக்கு என்ன சம்பளம், ஒன்றும் இல்லை. நம்மூராக இருந்தால் பத்து நிமிடத்தில் ஜாதகமே கைமாறியிருக்கும். பதினொன்றரைக்கு ஆளுக்கொரு பிரெட்சல் கொடுத்தார்கள். "அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார்கள். அடுத்த மாசமும் போனேன். அதற்கடுத்த மாசமும்.

2023 இலையுதிர்காலத்தில் சங்கத்தின் திருவிழா. புதிதாய்ப் பிழிந்த ஆப்பிள் சாறு, கூடவே வெங்காயத்தை வதக்கிப் பரப்பிச் சுட்ட ஒரு பணியாரம். எனக்குப் பாத்திரம் கழுவும் முறை. ராத்திரி எட்டு மணிக்குக் கை ஊறிப்போய் வெளியே வந்தால், நாலு பேர் கல்லாப்பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். விற்பனைச் சீட்டுப்படி 1,312 யூரோ. காலையில் சில்லறைக்காக வைத்தது 150. பெட்டியில் 1,462 இருக்க வேண்டும். இருந்தது 1,526. குறைந்தால் ஒருவர் கைக்காசைப் போட்டு முடித்திருப்பார். கூடிவிட்டதுதான் அவர்களுக்குத் தலைவலி. பொருளாளர் மூன்றாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

64 யூரோ. ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு, வித்தியாசத்தைப் பார்த்ததும் அதை இரண்டால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு; பற்றை வரவில் எழுதிவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் நிற்கும். 32. கண்ணாடி டம்ளருக்கு இரண்டு யூரோ முன்பணம் வாங்கியிருந்தார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். "எத்தனை டம்ளர் கொண்டு வந்தோம்?" என்றேன். 200. உள்ளே போய்ப் பெட்டிகளை எண்ணினேன். நான் கழுவினவைதான், 168 இருந்தன. 32 பேர் டம்ளரை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், அவர்கள் விட்டுப்போன முன்பணம் பெட்டியில் கிடக்கிறது. "இது வருமானம் இல்லை, டெபாசிட். தனியாக எழுதுங்கள்" என்றேன். இலக்கணப் பிழையோடுதான் சொன்னேன்.

பொருளாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

வீடு திரும்பும்போது படிக்கட்டில் மேல் வீட்டம்மா நின்றார். கையை நீட்டித் தன் முதல் பெயரைச் சொன்னார். இனிமேல் 'டூ' என்று பேசிக்கொள்ளலாம் என்று அர்த்தம். மரியாதைச் சொல்லான 'ஸீ'யை விட்டு நீ-நான் என்று வருவதை வயதில் மூத்தவர்தான் தொடங்கி வைக்க வேண்டும். ஒன்றரை வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. கொங்குநாட்டில் சின்னக் குழந்தையையே 'வாங்க, போங்க' என்று கூப்பிடுகிறவர்கள் நாங்கள். எழுபது வயது அம்மாவை 'நீ' என்று சொல்ல எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது. பெயரைச் சொல்லிவிட்டு வினைச்சொல்லை விழுங்கிவிடுவேன்.

பொருளாளர் பக்கத்து ஊரில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவரும் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது, "எங்கே படித்தீர்கள்?" என்றார். சொன்னேன். "விண்ணப்பத்தை என்னிடம் கொடுங்கள், நான் முதலாளி மேசையில் வைக்கிறேன்." அவ்வளவுதான். அதே தாள்கள்தான், நாற்பது இடத்தில் திரும்பி வந்த அதே கட்டு.

நேர்காணலில் அந்த முதலாளி அம்மையார் கோப்பைத் திறக்கவே இல்லை. "அந்த 32 டம்ளர் கதையைச் சொல்லுங்கள்" என்றார். பிறகு ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துச் சோதனை. டேலிக்குப் பதிலாக இங்கே டாட்டெவ், நியூரன்பர்க்கில் 1966-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனத்தின் மென்பொருள். கணக்குத் தலைப்புகளுக்குப் பெயரை விட எண்தான் முக்கியம். 1200 என்றால் வங்கி, 8400 என்றால் 19 சதவீத வரியோடு கூடிய விற்பனை. பற்று-வரவு எந்த ஊரிலும் பற்று-வரவுதான். 2024 மார்ச்சில் சேர்ந்தேன், ஆறு மாத தகுதிகாண் காலத்தோடு.

இதை அப்பாவிடம் போனில் சொன்னபோது, "அப்புறம் என்ன, இதுவும் சொல்லி வெச்சதுதானே" என்றார். ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. ஆடிட்டர் என்னை எடுத்துக்கொண்டது அப்பாவின் முகத்துக்காக. நான் சொதப்பியிருந்தாலும் அப்பாவோடு அவர் வாக்கிங் போயிருப்பார். பொருளாளர் கதை வேறு. நான் சொதப்பினால் முப்பது வருஷம் சேர்த்த அவர் பெயர் போகும். அதனால்தான் கண்ணால் பார்க்கிற வரை வாயைத் திறக்கவில்லை. மேல் வீட்டம்மாவும் அதைத்தான் லட்டை வாங்கிக்கொண்டு சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு இருந்த அந்த ரெண்டு வாரம் வீண்தான்.

எல்லாம் பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆபீஸில் என் பிறந்தநாளன்று யாராவது கேக் வாங்கி வருவார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். பிறந்தநாள்காரர்தான் எல்லாருக்கும் கேக் கொண்டு வர வேண்டும் என்பது மறுநாள்தான் தெரிந்தது. எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்களாம்.

போன ஜனவரியில் திருப்பூர்ப் பெண் ஒருத்தி எங்கள் தெருவுக்குக் குடி வந்தாள். தமிழ்க் கடையில் பார்த்துப் பேசினோம். அடுத்த வாரம் எள்ளுருண்டை டப்பாவோடு வந்து, "அக்கா, உங்க ஆபீஸ்ல என்னையப் பத்திக் கொஞ்சம் சொல்லி வைக்கிறீங்களா?" என்றாள். உன் வேலையை நான் பார்த்ததே இல்லையே என்பது நுனிநாக்கு வரை வந்துவிட்டது. டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

"வர்ற சனிக்கெழம காத்தால ஒம்பது மணிக்கு மரம் வெட்டப் போறோம். கையுறை இருக்குதா?"

"மரம் வெட்டவா? நானாக்கா?"

"கெளை பொறுக்கலாம் வா."

"ஒம்பது மணிக்குக் குளிருமேக்கா."

"குளிரும்" என்றேன்.