இழுப்பறையில் ஏழு கைபேசிகள்

போன மாதம் என் மடிக்கணினியின் தொடுபலகை மேலே எழும்பத் தொடங்கியது. முதல் நாள் ஒரு ஓரம் மட்டும் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் சுட்டி நகரவே மறுத்தது. நான் மெய்ப்புத் திருத்துகிறவள். ஒற்று மிகுமா மிகாதா என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்குச் சுட்டி நின்றுபோனால் கை ஒடிந்த மாதிரிதான்.

பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அடிப்பக்கத்துத் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தார். மூடியைத் திறந்தவர் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். உள்ளே பேட்டரி குட்டித் தலையணை போல உப்பிக் கிடந்தது. தொடுபலகையை அதுதான் கீழிருந்து முட்டித் தள்ளியிருக்கிறது.

"இதை மடியில் வைத்துக்கொண்டா வேலை செய்தீர்கள், அக்கா? ஒரு குத்துப்பட்டால் போதும், தீப்பிடித்துவிடும்" என்றார்.

பேட்டரியை எடுப்பதற்கு அவருக்கு அரை மணி நேரம் ஆனது. திருகு போட்டு முடுக்கியிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் அதைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஓரமாக நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் நூலாக நெம்பினார். பிறகு தாய்ப்பலகையின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "பழைய மாடல்களில் இந்த மெமரியைக் கழற்றி வேறு போடலாம். இதில் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். இது போனால் மொத்தமும் போய்விடும்."

புதுப் பேட்டரி போட்டதும் மடிக்கணினி பழையபடி ஓடியது. வீட்டுக்கு வந்து திறந்தால் திரையில் ஓர் அறிவிப்பு. இயங்குதளத்தின் புதிய பதிப்பை இந்தக் கணினியில் நிறுவ முடியாது, பழைய பதிப்புக்கு இனி பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது, புதிய கணினி வாங்குவதைப் பற்றி யோசியுங்கள் என்று. ஒன்பது வருடமாக ஒரு விசைகூடப் பழுதாகாத கணினி அது.

அன்று மாலை மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தேன். என்னுடையதும் அம்மாவுடையதுமாக ஏழு பழைய கைபேசிகள். அவற்றில் உண்மையாகவே செத்துப்போனவை மூன்று. மீதி நான்கையும் உயிரோடு இருக்கும்போதே மாற்றியிருக்கிறேன். ஏன் மாற்றினேன் என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுக்குப் பேட்டரி நிற்கவில்லை, ஒன்றில் செயலிகள் புதுப்பிப்பை ஏற்கவில்லை. மற்ற இரண்டுக்கும் எனக்குக் காரணமே நினைவுக்கு வரவில்லை.

இரவு தூக்கம் பிடிக்காமல் இப்போதைய கைபேசியைக் கையில் எடுத்தேன். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. யாரோ ஒருவரின் புது வீடு, யாரோ இரண்டு பேரின் சண்டை, பூனை, விபத்து, மறுபடியும் சண்டை. நிமிர்ந்து பார்க்கும்போது மணி ஒன்றரை. ஒரு காலத்தில் இணையப் பக்கம் என்றால் அதற்கு ஓர் அடி இருந்தது. அங்கே 'அடுத்த பக்கம்' என்று ஒரு சொல் இருக்கும், அதை அழுத்தலாமா வேண்டாமா என்று நாம் ஒரு கணம் நிற்போம். அந்த நிற்குமிடத்தை எடுத்துவிட்டது, முடிவில்லாமல் உருளும் பக்கம் என்ற உத்தி. 2006இல் அதை வடிவமைத்த ஆசா ராஸ்கின், அதன் விளைவுகளுக்காகப் பின்னாளில் பொதுவெளியிலேயே வருத்தம் தெரிவித்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முடிய வேண்டிய திரை முடியவே இல்லை, நீடித்து உழைக்க வேண்டிய கருவியோ பசை போட்டு ஒட்டப்பட்டு, குறித்த காலத்தில் முடிந்துபோகிறது. சமூகத்துக்கு என்ன ஆகிறது, மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகிறது என்று இரண்டையும் தனித்தனியாகப் பேசுகிறோம். எனக்கு இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதாகத்தான் தெரிகிறது. எது எங்கே முடிய வேண்டும் என்பதை நம் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

நிற்பதற்கு இடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறதாம், கணக்கெடுக்க வருவதுபோல் வந்து நோட்டம் பார்க்கிறார்களாம். பேசியவரின் குரலில் பதற்றம் அப்படி இருந்தது. அம்மா அதைக் கேட்ட மறுநிமிடமே நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார். நானும் இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன். எழுத்துப்பிழைகளை வேட்டையாடுவதையே தொழிலாகக் கொண்ட நான், அந்தப் பதிவில் ஊர் பெயர் இல்லை, தேதி இல்லை, பேசுகிறவர் யாரென்று இல்லை என்பதைக் கவனிக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தெருவில் சத்தம். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் படிவக் கட்டுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். சுற்றிலும் இருபது பேர். அட்டையைக் காட்டு என்கிறார் ஒருவர். காட்டினால், இது போலி என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்ணின் படிவங்கள் தரையில் சிதறிக் கிடந்தன. அம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். தண்ணீர் டம்ளரை வாங்கிய அவள் கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் மடியில் சிந்தியது. அவள் போன பிறகு அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் அனுப்பியதுதானே இது?" என்று கேட்டார். நான் அனுப்பியதும்தான் என்று சொன்னேன்.

எங்கள் தெருவில் அந்தப் பெண் தப்பித்தாள். 2018இல் இந்தியாவின் பல மாநிலங்களில் இதே போன்ற வதந்திகளை நம்பிய கூட்டங்கள் அப்பாவிகளை அடித்தே கொன்றன. அப்போது பரவிய காணொளிகளில் ஒன்று, குழந்தைகளைப் பாதுகாக்கச் சொல்லிப் பாகிஸ்தானில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில் வரும் விளக்கத்தை மட்டும் யாரோ வெட்டிவிட்டுப் பரப்பியிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் அதே வரம்பு வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். அதன் பிறகு அப்படிப்பட்ட செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது.

மனிதர்கள் சில வாரங்களில் திருந்திவிட்டார்களா என்ன? அதே அம்மாக்கள், அதே மாமாக்கள், அதே பதற்றம். விரல் ஒரு நொடி தயங்குவதற்கு இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சமூக ஊடகம் மனிதர்களின் உண்மையான முகத்தைக் காட்டுகிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எங்களை அவசரப்படுத்திவிட்டு, அவசரப்பட்ட முகத்தை எங்கள் முகம் என்பது நியாயம் இல்லை.

இதையெல்லாம் தூக்கிக் கடாசிவிட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். என் தோழி ஒருத்திக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பள்ளியில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து பெஞ்சு. படிப்பு முடிந்து அவள் வேறு ஊருக்குப் போன பிறகு வருடங்களாகக் கடிதம் மட்டும்தான். தொலைபேசி என்ற கருவியே அவளுக்கு அடைத்த கதவு. முதல் முறையாக வீடியோ அழைப்பில் அவள் கைகளால் என்னோடு பேசிய அன்று, நான் பாதி சைகைகளை மறந்துபோயிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திரும்பக் கற்றுக்கொடுத்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்காக எத்தனை கணினியையும் மன்னிப்பேன். ஆனால் அந்த அழைப்புக்கு ஒரு முடிவு இருந்தது. இருவரும் கையசைத்து விடைபெற்றோம்.

இழுப்பறைக்கு வருகிறேன். இவற்றை என்ன செய்வது என்று தேடத் தொடங்கியதில் இரண்டு இரவுகள் போயின. உலகம் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை வெளியே தள்ளியிருக்கிறது என்கிறது ஐ.நா.வின் கணக்கு. பிறந்த குழந்தை முதல் எல்லாருக்கும் பங்கு போட்டால் தலைக்கு 7.8 கிலோ. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மீதி என்னைப் போன்றவர்களின் இழுப்பறைகளில் கிடக்கிறது, குப்பை மேட்டில் புதைகிறது, அல்லது கப்பலேறிப் போகிறது. அபாயகரமான கழிவுகளை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்த 1989இலேயே பாசல் உடன்படிக்கை வந்துவிட்டது. இருந்தும் பழுதான கணினி, 'பயன்படுத்திய பொருள்' என்ற பெயரில் கடல் கடந்து போயிருக்கிறது.

போய்ச் சேர்ந்த இடங்களின் படங்களைப் பார்த்தேன். கானாவின் தலைநகர் அக்ராவில் அக்பொக்புளோஷி என்ற பகுதி. பள்ளி வயதைத் தாண்டாத பையன்கள் கம்பிச் சுருள்களைத் தீயில் போட்டுக் குச்சியால் கிளறுகிறார்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை எரிந்து தீர்ந்தால் உள்ளே இருக்கும் செம்பு கிடைக்கும், அதை எடை போட்டு விற்கலாம். எரியும் உறையிலிருந்து வரும் கரும்புகையில் டயாக்சின் என்ற நச்சு இருக்கிறது, மண்ணில் ஈயம் இறங்குகிறது. 2021இல் அந்த இடத்தை அரசு இடித்துத் தள்ளியது. வேலை அதோடு நின்றுவிடவில்லை, வேறு மூலைகளுக்குச் சிதறியது. சீனாவின் குய்யூவில் மின்சுற்றுப் பலகைகளைச் சூடாக்கியும் அமிலத்தில் ஊறவைத்தும் தங்கம் பிரித்தார்கள். அங்கே வளர்ந்த குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருப்பதை மருத்துவ ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்தப் படங்களில் ஒன்றில், கரி படிந்த விசைப்பலகை ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. அதன் எழுத்துகளை என்னால் படிக்க முடிந்தது.

இத்தனைக்கும் அதற்குள் இருப்பது குப்பை இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் பாராலிம்பிக்குக்கும் தேவைப்பட்ட சுமார் 5,000 பதக்கங்களையும் ஜப்பான்காரர்கள் பழைய கருவிகளிலிருந்து எடுத்த உலோகத்தில்தான் செய்தார்கள். 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை மக்கள் கொடுத்தவற்றில் கைபேசிகள் மட்டும் ஏறத்தாழ 62 லட்சம். எல்லாக் கருவிகளிலிருந்தும் கிடைத்தது 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம். மண்ணைத் தோண்டி எடுக்கும் தங்கத்தை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டு, மறுபடி மண்ணைத் தோண்டுகிறோம். பேட்டரிக்கான கோபால்ட் உலோகத்தில் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்வது பலமுறை வெளிவந்த செய்தி.

நம் படங்களையும் செய்திகளையும் சேமித்து வைக்கும் கணினிக் கூடங்களான தரவு மையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேகம் ('கிளவுட்') என்று பெயர் வைத்ததால் அது ஏதோ எடையற்ற பொருள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி 2024இல் அவை குடித்த மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட், உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ 1.5 சதவீதம். அயர்லாந்தில் 2023ஆம் ஆண்டில் அளவிடப்பட்ட மின்சாரத்தில் 21 சதவீதம் தரவு மையங்களுக்கே போனது. செயற்கை நுண்ணறிவின் வேகத்தில் இந்தக் கணக்கு இன்னும் ஏறும்.

பழைய மின்னஞ்சல்களை அழித்தால் பூமி பிழைக்கும் என்று அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அழித்தேன். இப்போது அது வீண் உழைப்பு என்றே நினைக்கிறேன். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அது தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே காற்றில் கலந்துவிடுகிறது. நான் ஆயிரம் மின்னஞ்சல் அழிப்பதைவிட, இந்தக் கணினியை இன்னும் மூன்று வருடம் ஓட்டுவது பெரிய காரியம்.

அதனால் அந்த அறிவிப்பின் சொல்லைக் கேட்கவில்லை. தம்பி மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு முழு மாலையில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவினோம். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கி, பிறகு உலகெங்கும் உள்ளவர்கள் கூடிக் கட்டியது அது. யாரும் காசு கேட்கவில்லை. எனக்கு இருந்த ஒரே பயம், தமிழ் என்ன ஆகுமோ என்பதுதான். "அத்தை, தமிழ்99 விசைப்பலகை இதிலேயே இருக்கிறது" என்று அவன் பட்டியலில் காட்டியதும் என் தோள் இறங்கியது. இந்தப் பதிவை அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பயனாளர்களே பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027இல் நடைமுறைக்கு வருகிறது. அந்த நாளுக்காக நான் உண்மையாகவே காத்திருக்கிறேன்.

கைபேசிகளை மறுசுழற்சிக்குக் கொடுப்பதற்கு முன் அவற்றில் இருப்பதை அழிக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொன்றாக மின்னேற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பழையது பொத்தான் வைத்த சின்னக் கைபேசி. பத்து நிமிடம் அசைவே இல்லை. பிறகு திரை பச்சையாக ஒளிர்ந்து, குறுஞ்செய்திப் பெட்டி நிறைந்துவிட்டது என்றது.

அதன் கொள்ளளவு 150 செய்திகள். புதிதாக ஒன்று வர வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை நாமே அழிக்க வேண்டும். அப்படி ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து, எது போகலாம், எது இருக்கட்டும் என்று நான் முடிவு செய்திருக்கிறேன். திறந்து பார்த்தால், மிஞ்சியிருந்ததில் பதினொன்று அப்பா அனுப்பியவை. 'வந்து சேர்ந்தேன்.' 'மழை. குடை எடுத்துப் போ.' 'அம்மாவிடம் சொல்லாதே, மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.' அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. இப்போதைய கைபேசியில் பல்லாயிரம் படங்கள் இருக்கின்றன, அவற்றில் அப்பாவைத் தேடினால் விரல் வலிக்கும்.

அம்மாவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். மாத்திரைச் செய்தியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

ஆறு கைபேசிகளைக் கொடுத்துவிட்டேன். ஏழாவது மேசையில் இருக்கிறது. நேற்று அதன் பின்மூடியை நகத்தால் தள்ளிப் பார்த்தேன். ஒரே தள்ளில் கழன்றது. பேட்டரியைக் கையில் எடுத்து, துடைத்து, உப்பாமல் தட்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டினேன்.