மலரில் வராத கல்வியாண்டு

கோவையில் நாம் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தின் அமீரகக் கிளை வெளியிட்ட மலர்களை வரிசையாக எடுத்துப் புரட்டினேன். கண்டிப்பான கணக்கு வாத்தியார் வருகிறார். சிறுவாணித் தண்ணீரின் ருசி வருகிறது. வாயிற்கதவுக்கு வெளியே விற்ற தேன்மிட்டாயைப் பற்றி மட்டும் நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். 1997-98 கல்வியாண்டைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அந்த ஆண்டு பிளஸ் டூ படித்தவர்கள் இந்தக் கிளையில் கணிசமாக இருக்கிறோம். நிர்வாகக் குழுவிலும் இருக்கிறோம். இந்த முறை மலர்க் குழுவினர் என்னிடம், "உங்கள் ஆண்டு விளையாட்டு விழாவைப் பற்றி எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். எங்கள் ஆண்டில் விளையாட்டு விழா நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதை எழுதித் தருகிறேன்.

பின்னால் படித்த தம்பிகளுக்காக முதலில் நாள், தேதி. 1997 நவம்பர் 29, சனிக்கிழமை இரவு, முஸ்லிம்கள் அதிகம் வாழும் உக்கடத்தில் பணியில் இருந்த காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் அல் உம்மா என்ற முஸ்லிம் தீவிரவாத அமைப்பைச் சேர்ந்தவர்கள். மறுநாள் காவலர்கள் பணிக்குப் போக மறுத்துத் தெருவில் இறங்கினார்கள். அன்றும் அதற்கடுத்த நாளும் முஸ்லிம்கள் 18 பேர் கொல்லப்பட்டார்கள். சிலர் துப்பாக்கிச் சூட்டில், சிலர் கும்பலின் கையில். காயம்பட்டு மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டவர்களைக்கூட விடவில்லை. பதினோரு வாரம் கழித்து, 1998 பிப்ரவரி 14, இன்னொரு சனிக்கிழமை, பாஜக தலைவர் அத்வானியின் தேர்தல் கூட்டம் நடக்கவிருந்த நேரத்தில் ஊரெங்கும் தொடர்ச்சியாகக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவில்தான் எங்கள் அரையாண்டுத் தேர்வு, பொங்கல், நோன்பு, ரம்ஜான், திருப்புதல் தேர்வு எல்லாம் வந்துபோயின.

ஒரு வெள்ளைத்தாளில் திடீரென்று மை கொட்டியதுபோல அது நடந்தது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் சிலர் எழுதுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. எண்பதுகளிலிருந்தே இரு பக்கத்துத் தலைவர்களின் பேச்சும் ஊர்வலங்களும் வெட்டுக்குத்தும் இருந்தன. பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு டிசம்பர் 6 என்றால் ஊரில் பாதிக் கடை அடைத்திருக்கும். விநாயகர் சதுர்த்தி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பது ஒவ்வோர் ஆண்டும் பேச்சுவார்த்தைக்குரிய விஷயமாகிவிட்டிருந்தது. மில்கள் ஒவ்வொன்றாக நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை போனவர்களில் பலர் டவுன்ஹாலைச் சுற்றி நடைபாதையில் கடை போட்டார்கள். அங்கே ஏற்கெனவே கடை போட்டிருந்தவர்களில் நிறையப் பேர் முஸ்லிம்கள்.

என் அப்பாவுக்கு ஒப்பணக்கார வீதியருகே தையல் சாமான் கடை. பொத்தான், நூல்கண்டு, ஜிப், லைனிங் துணி. கடைக்கு நேர் முன்னால் நடைபாதையில் பெல்ட்டும் பர்ஸும் விற்றவர் என் வகுப்புத் தோழனின் அத்தா. தோழனின் பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். நானும் அவனும் ஒரே பெஞ்சு. எங்கள் அப்பாக்கள் இருவரும் தினமும் ஒன்றாக டீ குடிப்பார்கள். நடைபாதைக் கடைகளை அகற்றக் கோரி வியாபாரிகள் மாநகராட்சிக்குக் கொடுத்த மனுவில் என் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருந்தார். அது தோழனின் அத்தாவுக்கும் தெரியும். "தம்பி, உங்க அப்பா கையெழுத்து ரொம்ப அழகுப்பா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். கோவைக் கலவரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடவுளையும் அரசியலையும் பேசுகிறார்கள். கடைக்கு முன்னால் இருந்த அந்த நாலடி இடத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி. டிசம்பர் முதல் நாள் எரிந்தவற்றில் பெரிய ஜவுளிக்கடையும் உண்டு, நாலு கம்பில் தார்ப்பாய் கட்டிய பெல்ட் கடையும் உண்டு.

எங்கள் வீடு ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அன்று நான் மாடியிலிருந்து பார்த்தது தீயை அல்ல. புகை மட்டும்தான் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது கீழே போனவர்கள்தான். டிவிஎஸ் 50இல் பின்னால் உட்கார்ந்தவன் மடியில் துணிக்கட்டு. சைக்கிள் கேரியரில் துணிக்கட்டு. ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் கட்டைச் சுமந்தபடி, வியர்வையைத் துடைத்துத் துடைத்து நடந்தார். பண்டிகைக்கு ஜவுளி எடுத்துப் போகிற முகம்தான் அவர்களுக்கு. யாரோ வெளியூர்க்காரர்கள் வந்து செய்துவிட்டுப் போனார்கள் என்று இன்றைக்கும் நம் குழுவில் ஒருவர் தவறாமல் எழுதுகிறார். எங்கள் சந்தில் அன்று போனவர்களில் பாதிப் பேரை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் தெருவில் ஐந்தாறு பையன்கள் ஒரே துணியில் சட்டை போட்டிருந்தார்கள். இளநீலத்தில் மெல்லிய சாம்பல் கோடு. பொங்கல் முடிந்து சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்குச் சீருடை தேவையில்லை என்பதால் அவர்களில் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். என் பெஞ்சுத் தோழனின் மாமா எரிந்துபோன அந்த ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருந்தவர். தோழன் சட்டையின் கைப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான். "நல்ல துணி. எங்கே எடுத்தாய்?" என்றான். "ஈரோட்டில்" என்றான் மற்றவன், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். வகுப்பில் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தச் சட்டை மறுபடி பள்ளிக்கு வரவில்லை.

நோன்பும் அந்த ஜனவரியில்தான். முன்னெல்லாம் நோன்புக் கஞ்சியைத் தோழனே தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவான். எங்கள் பாட்டி அதற்கென்றே துவையல் அரைத்து வைத்திருப்பார். அந்த ஆண்டு அவனை எங்கள் சந்துக்கு வர வேண்டாம் என்று அவன் வீட்டிலும் சொல்லிவிட்டார்கள், என் வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். கஞ்சி கடைக்கு வந்தது. அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே குடித்தார். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அப்பா இன்னொரு டம்ளர் ஊற்றிக் குடித்தார். என் அப்பா தைரியசாலி என்று இதை எழுதவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

பிப்ரவரி 14 அன்றும் சிறப்பு வகுப்பு. இயற்பியல். நாலு மணியை ஒட்டி முதல் சத்தம் கேட்டபோது தேர்தல் வெடி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அடுத்தடுத்துக் கேட்டதும் ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார். ஆர்.எஸ். புரம், ரயில் நிலையம், பெரிய ஆஸ்பத்திரி என்று ஒவ்வோர் இடமாகச் செய்தி வந்தது. ஒவ்வோர் இடமும் யாராவது ஒருவனுக்கு வீட்டுக்குப் போகிற வழி. எங்களைக் கூட்டமாக அனுப்ப முடிவு செய்து, உக்கடம் பக்கம் போகிறவர்கள் இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். சொன்னவருக்கு வேறு எண்ணம் இருந்திருக்காது. இரண்டு வரிசையும் நின்ற பிறகுதான், அவை எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதை எல்லாரும் பார்த்தோம். வரிசையில் நின்ற பையன்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

எங்கள் வகுப்பில் ஒருவனின் மாமா, ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போனவர், அன்று ஒரு காலை இழந்தார். அதற்குப் பிறகு அவன் என் தோழனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தேர்வு முடிந்து எடுத்த வகுப்புப் படத்துக்கும் வரவில்லை. அவன் இப்போது வளைகுடாவில்தான் இருக்கிறான், சங்கத்துக்கு வருவதில்லை. அவனிடம் போய் நல்லிணக்கம் பேச எனக்கு வாய் வரவில்லை. நடைபாதையில் நடந்துபோன மனிதனின் காலை எடுத்ததற்கு எந்த டிசம்பரும் நியாயமாகாது. அந்தப் பக்கத்தில், "பதிலடி" என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த 58 பேரில் ஒருவருக்காவது துணிக்கட்டு தூக்கியவனோடு என்ன சம்பந்தம் என்று அவர்களைக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை.

ஆர்.எஸ். புரத்தில் லோகமான்ய வீதிப் பக்கம் வெடிபொருள் நிரப்பி நிறுத்தப்பட்டிருந்த காரைச் செயலிழக்கச் செய்யப் பல நாள்கள் ஆயின. அந்த நாள்களில் தெருவைக் காலி செய்து உறவினர் வீடுகளில் தங்கியபடிதான் எங்கள் வகுப்பில் சிலர் திருப்புதல் தேர்வுக்குப் படித்தார்கள். மார்ச்சில் பொதுத் தேர்வு. முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டிலிருந்து வெளியே வர வேண்டுமானால் காவல் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். தோழன் தினமும் ஹால் டிக்கெட்டைக் காட்டி, ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து காம்பஸை எடுத்துக் காட்டி, அது எதற்கு என்று விளக்கிவிட்டுத் தேர்வுக்கு வந்தான். கணக்குத் தேர்வன்று காம்பஸைச் சாவடியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். என்னுடையதை இருவரும் மாற்றி மாற்றி வாங்கிப் பயன்படுத்த, கண்காணிப்பாளர் எங்களை முறைத்துக்கொண்டே இருந்தார். அவன் என்னைவிட மதிப்பெண் அதிகம் வாங்கினான் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன், அவன் படிப்பான்.

வழக்கு நீண்டது. சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பு வர 2007 ஆகிவிட்டது. விசாரிக்கப்பட்ட 166 பேரில் 158 பேர் குற்றவாளிகள் என்றும், கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி உள்ளிட்ட 8 பேர் குற்றமற்றவர்கள் என்றும் தீர்ப்பானது. குற்றமற்றவர் என்று தெரிவதற்கு முன் மதானி சிறையில் கழித்தது ஒன்பது ஆண்டுகள். பிப்ரவரி 14 வந்தால் இறந்தவர்களுக்கு ஊரில் அஞ்சலி செலுத்துகிறார்கள், செலுத்தத்தான் வேண்டும். நவம்பர் கடைசியில் அந்த 18 பேருக்காக டவுன்ஹாலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி நான் பார்த்ததில்லை.

குண்டைவிட ஊரை அதிகம் மாற்றியது வீட்டு வாடகைதான். கலவரத்துக்குப் பிறகு எங்கள் பகுதியில் முஸ்லிம்களுக்கு வீடு கிடைப்பது நின்றுபோனது. "இப்போதுதான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்" என்பதுதான் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரே பதில். கலப்பான தெருக்களில் இருந்தவர்கள் கரும்புக்கடை, குனியமுத்தூர் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பக்கம் இருந்த இந்துக் குடும்பங்கள் சில விற்றுவிட்டு வெளியே வந்தன. யாரும் சட்டம் போடவில்லை, மிரட்டவும் தேவைப்படவில்லை. எனக்கும் என் தோழனுக்கும் நடந்த வேடிக்கை என்னவென்றால், ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்க முடியாத நாங்கள் துபாய் தேராவில் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாகத் தூங்கினோம். வெள்ளிக்கிழமை சமையல் அவனுடையது, மற்ற நாள் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுடையது. அரிசிம்பருப்புச் சாதத்துக்கு எவ்வளவு நெய் விடுவது என்பதில் மட்டும் எங்களுக்குள் மதச் சண்டைக்கு நிகரான சண்டை உண்டு.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை, கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்து அதில் இருந்தவர் இறந்தபோது, நம் வாட்ஸ்அப் குழு காலை ஆறு மணிக்கே கொதிக்கத் தொடங்கியது. 1997ஐ மனதில் வைத்து நானும் ஊருக்குப் போன் மேல் போன் போட்டேன். ஊர் எரியவில்லை. சில நாள்களில் ஜமாத் நிர்வாகிகள் கோயிலுக்கே போய் அங்குள்ளவர்களைப் பார்த்துப் பேசினார்கள். கோனியம்மன் தேர் வரும்போது ஒப்பணக்கார வீதிப் பள்ளிவாசல் முன்பு முஸ்லிம்கள் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் படத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மனம் மாறிவிட்டது என்று இதற்கு மகிழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு தடவை கடையைப் பறிகொடுத்த ஊர் கணக்குப் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அதுவும் சின்ன விஷயமில்லை.

இதையெல்லாம் சங்க மலரில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. பிளஸ் டூ மாணவர்களின் பெயர்ப்பட்டியல் டிசம்பருக்கு முன்பே தேர்வுத் துறைக்குப் போய்விட்டதால் எங்கள் வகுப்பில் யாரும் மாற்றுச் சான்றிதழ் வாங்க முடியவில்லை. கீழ் வகுப்புகளில் அப்படியில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளிலிருந்து அந்த டிசம்பரிலும் அடுத்த மே மாதத்திலும் பையன்கள் கொத்தாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போனார்கள். என் தோழனின் தம்பியும் அப்போது போனவன். அவன் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். ஆண்டு விழாவுக்குத் தவறாமல் வருகிறான், பந்தி பரிமாறுகிறான், விருந்தினர் கட்டணம் கட்டுகிறான். பள்ளியிலிருந்து பொதுத் தேர்வு எழுதியவர்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது நம் விதி.

அந்த விதியை "பள்ளியில் ஓராண்டேனும் படித்தவர்கள்" என்று திருத்த வேண்டும் என வரும் பொதுக்குழுவில் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.