பனங்கொட்டை ஊன்றியாச்சு, அப்புறம்?

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். பனையில் பாளை, அதாவது பூங்கொத்து, வர 12 முதல் 15 வருஷம் ஆகும். அதுவரை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் ஆவணி, புரட்டாசி வந்தால் ஏரிக்கரைகளில் ஆயிரக்கணக்கில் கொட்டை ஊன்றுகிறார்கள். நல்ல காரியம்தான். மூன்று வருஷம் கழித்து அதே கரைக்குப் போய் வடலிகளை, அதாவது இளம் பனைகளை, எண்ணிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

ஊன்றுவதில் பெரிய வித்தை இல்லை. தானாகப் பழுத்து விழுந்த பழத்தின் கொட்டையாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கனமில்லாததைக் கழித்துவிடலாம். ஒரு சாண் குழி, படுக்கை வாக்கில் கொட்டை, மேலே நாலு விரல் மண். ஒன்றுக்கொன்று 10 அடி இடைவெளி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை பெரிதாக இருக்காது. தண்ணீர் தேங்கும் உள்வாயில் வேண்டாம், கரையின் வெளிச்சரிவே நல்லது. மின்கம்பிக்கு அடியில் வேண்டவே வேண்டாம். கம்பியில் படுகிறது என்று வேம்பை வெட்டினால் துளிர்க்கும். பனைக்கு ஒரே குருத்து, தலையை வெட்டினால் மரமே போச்சு.

சிக்கல் அதற்குப் பிறகு. பனையின் முளை முதலில் மேலே வராது, மண்ணுக்குள் இறங்கும். அங்கேதான் கிழங்கு திரளும். ஓலை தலைகாட்டச் சில மாதம் ஆகும். "முளைக்கவே இல்லை" என்று கைவிடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பொங்கல் நெருங்கினால் கிழங்குக்காகத் தோண்டுகிறவர்களும் வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பனங்கிழங்கு இல்லாமல் என்ன பொங்கல்? ஊருக்குப் பக்கத்திலேயே மணலைக் கொட்டித் தனியாக ஒரு கிழங்குப் பாத்தி போட்டுவிட்டால் கரைக் கொட்டைகள் தப்பிக்கும்.

முதல் ஓலை விசிறி மாதிரி இருக்காது, நீளமான கோரைப்புல் போல இருக்கும். கரையைச் சுத்தம் செய்பவர்கள் களை என்று செதுக்கிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு கொட்டைக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். ஏரி தூர்வார ஜேசிபி வரும்முன் ஓட்டுநருக்கு அந்த வரிசையைக் காட்டிவிடுங்கள். காய்ந்த புல்லுக்கு வைக்கிற தீயில் கருகுவதும் உண்டு.

வளர்ந்த மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. தேவையான அறிவிப்புதான். ஆனால் மரம் ஏன் செங்கல் சூளைக்கு விறகாகப் போனது? ஏற ஆள் இல்லை. பதநீருக்கு ஒரு நாளில் இரண்டு, மூன்று முறை ஏறிப் பாளை சீவ வேண்டும், கலயத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும். இத்தனையும் செய்து, பதநீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டிக்கு விலை கிடைக்காவிட்டால் யார் ஏறுவார்? நுங்கும் ஓலையும் கிழங்கும் யாருக்கு என்று கொட்டை ஊன்றும் அன்றே ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டால், கரையைக் கடக்கும் ஆட்டை விரட்டவும் ஒரு ஆள் இருப்பார்.