புளியங்கரியும் அம்மம்மாவின் மெசினும்

பேணியைத் திறந்தால் உள்ளே சாம்பல். ஒரு குச்சிகூட மிஞ்சவில்லை. மார்கழி லீவுக்குக் கொழும்பிலிருந்து வன்னியில் பரந்தனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அது. பதினாறு நாள் லீவு. இந்த முறை ஒரே ஒரு வேலை என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அடிக்கடி வருகிற கெட்ட கனவு ஒன்றைக் கரியால் வரைந்து பார்க்க வேண்டும், அந்தக் கரியையும் நானே சுட வேண்டும்.

கொழும்பில் இந்தக் கனவு எப்போதாவதுதான் வரும். வீட்டுக்கு வந்தால், அதுவும் மார்கழியில் வந்தால், அநேகமாக எல்லா விடியப்புறமும் வரும். இடம்தான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இடமும் ஒரு காரணம்தான். ஆனால் திருவெம்பாவை நாட்களில் இங்கே விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி போட்டுவிடுவார்கள். சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போகும். நித்திரையில் கண் வேகமாக அசைகிற கட்டம் ஒன்று உண்டு. 1953இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை வந்து போகும், விடியப் போகப் போக நீளும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். நடுவில் ஆள் எழும்பிவிட்டால் கனவு மறக்காது. சங்குச் சத்தம் என்னை அந்த இடத்தில்தான் எழுப்புகிறது. கொழும்பில் ஏழு மணிக்கு எழும்புகிறவளுக்கு அதே கனவு வந்து போயிருந்தாலும் ஞாபகம் இருந்திருக்காது.

கனவு இதுதான். எங்கள் வளவில் நான் குழி கிண்டுகிறேன். கையால்தான். மண் சேறாக இருக்கிறது. உள்ளே, ஆழத்தில், தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. யாரோ மண்ணுக்குக் கீழே இருந்து தைக்கிறார்கள். தண்ணீர் ஊறி ஊறி மேலே வருகிறது, சத்தம் மட்டும் நிற்பதில்லை. பிறகு என் கை அசைய மறுக்கிறது. கண் அசைகிற அந்தக் கட்டத்தில் உடம்பின் பெரும்பாலான தசைகள் உண்மையிலேயே கட்டுண்டு கிடக்கும் என்று பிறகு வாசித்தேன். அதை அறிந்தபின் பயம் கொஞ்சம் குறைந்தது.

மண்ணுக்குள் மெசின் இருந்தது உண்மை. 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் அடித்து வன்னி முழுக்க வெள்ளம் நின்றது. அது வடிய முதலே சண்டையால் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. கொண்டுபோக முடியாததை எல்லாரும் தாட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் மெசின். கீழிருந்த இரும்புக் காலை விட்டுவிட்டு, தலையை மட்டும் கழற்றித் தாட்டோம். குழியில் தண்ணீர் ஊற ஊற அப்பா பால்மாப் பேணியால் அள்ளி அள்ளி ஊற்றியது எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பத்து வயது. குழி எந்த இடத்தில் என்பது மட்டும் தெரியாது. 2010இல் திரும்பி வந்து, கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று சொன்ன பிறகு, மூன்று இடம் கிண்டிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அந்தக் குழியை வெட்டியவர் அப்பா. அவரிடம் கேட்க முடியாது.

கெட்ட கனவுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பகலில், நல்ல விழிப்பில், கனவை எழுதி, அதை விருப்பப்படி மாற்றி, மாற்றிய கனவைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பாரி கிராக்கோ என்ற வைத்தியரும் அவரோடு சேர்ந்தவர்களும் 168 பெண்களோடு செய்த ஆய்வொன்று 2001இல் வந்தது. பயிற்சி செய்தவர்களுக்குக் கெட்ட கனவு நன்றாகக் குறைந்ததாக அதில் எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், ஆகக் கொடிய கனவில் தொடங்க வேண்டாம், கொஞ்சம் லேசானதை எடு என்கிறார்கள். எனக்கு இன்னொரு கனவு இருக்கிறது. அது சண்டையின் கடைசிக் கட்டத்தில் சனம் அடைபட்டிருந்த மாத்தளனுக்கு அங்காலே நடப்பது. அதை இந்த முறை தொடவில்லை. அதைத் தொடுகிற நாளில் பக்கத்தில் ஒரு வைத்தியர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். மெசின் கனவுதான் கைக்கு அடங்குவது. எழுதுவதற்குப் பதிலாக வரைவோம் என்பது மட்டும் என்னுடைய யோசனை.

சரி, கரி.

ஆந்திராவில், துணியில் கையால் படம் எழுதுகிற ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரிக்காரர்கள் முதற்கோடு போடுவது சுட்ட புளியங்குச்சியால். எங்கள் வேலியோரம் ஒரு புளி நிற்கிறது, சண்டைக்குப் பிறகும் நிற்கிற மரம். பென்சில் தடிப்பில் குச்சி முறித்து, பட்டை சீவி, சாண் நீளத்துக்கு வெட்டினேன். மழைநாள் என்பதால் வெயிலில் காய வழியில்லை. அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு நாள் கிடந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “கெட்ட கனவு காணுற பிள்ளை புளியங்கொப்பை வீட்டுக்குள்ள கொண்டு வாறதே? போய் மாட்டின்ர காதில கனவைச் சொல்லிப்போட்டு வா” என்றார். நான் போய்ச் சொல்லவும் செய்தேன். மாடு அசை போட்டுக்கொண்டே கேட்டது. அப்புறம் அம்மா திருநீறு பூசிவிட்டார்.

குச்சிகளைப் பால்மாப் பேணியில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, நெருப்புக்குள் வைக்க வேண்டும். முதலில் துளையால் வெள்ளைப் புகை வரும், அது ஈரம். பிறகு மஞ்சள் புகை. அதில் நெருப்பு பட்டால் துளையிலேயே சிறு சுடர் நின்று எரியும். சுடரும் புகையும் அடங்கினால் கரி ஆயிற்று. எனக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. முதல்முறை நான் விட்ட பிழை, சூட்டோடு திறந்தது. காற்றுப் பட்டதும் குச்சியெல்லாம் கனன்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப் போயிற்று. இரண்டாம் முறை துளையை மண்ணால் அடைத்து, விடியும்வரை தொடாமல் விட்டேன். காலையில் குச்சிகள் கண்ணாடி போலக் கிலுங்கின. பூவரசும் முருங்கையும் சேர்த்துச் சுட்டிருந்தேன். முருங்கை தொட்டாலே நொறுங்கியது. பூவரசு பரவாயில்லை, ஆனால் சாம்பல் நிறம். புளிதான் நல்ல கறுப்பு, விரலால் தேய்த்தால் புகை மாதிரிப் பரவும்.

பேப்பருக்குக் கடையில் பிரிஸ்டல் போர்ட் வாங்கியது வீண். வழுவழுப்பில் கரி பிடிக்காது. கொப்பிக்கு உறை போடுகிற பிறவுண் பேப்பர்தான் கடைசியில் உதவியது. சொரசொரப்பான பக்கம் மேலே வர விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்தேன். அழிப்பதற்குப் பாண். ரப்பர் வருவதற்கு முன்பு ஓவியர்கள் பாணால்தான் அழித்தார்கள். நடுச்சதையைப் பிய்த்து உருட்டி ஒற்றினால் கரியை எடுத்துவிடும். ஒருநாள் பாண் முடிந்து பணிஸ் துண்டால் அழித்தேன். எண்ணெய் ஊறி ஒரு கறை நின்றுவிட்டது, இரவு எறும்பும் ஏறியிருந்தது. அந்தத் தாளை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

முதல் நான்கு நாளும் குழியை மட்டும் வரைந்தேன். கறுப்பு வட்டம், உள்ளே இன்னும் கறுப்பு. ஒன்றும் நகரவில்லை. வரைந்துவிட்டுப் படுத்தால் அதே கனவு. ஐந்தாம் நாள்தான் குழி எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்று தோன்றி, சுற்றிவர வளவை வரையத் தொடங்கினேன். பழைய வீடு, கிணறு, மாட்டுக் கொட்டில், புளி. விறாந்தையில் விரித்துப் போட்டு வரைந்ததால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள். அங்கேதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது.

அம்மா தேத்தண்ணியோடு வந்து நின்று, “கிணறு அவ்வளவு கிட்ட இல்லை. குழி கிணத்தடிக்கும் வாழைக்கும் நடுவில” என்றார். நான் பாணால் ஒற்றி அழித்துவிட்டுக் கிணற்றடியில் குழியைப் போட்டேன். பின்னேரம் தம்பி வந்தான். மெசினைத் தாட்டபோது அவனுக்கு ஆறு வயது. “அக்கா, கொட்டிலுக்குப் பின்னால. பொபின் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனனான்” என்றான். பொபின் பெட்டியைப் பற்றி இத்தனை வருடத்தில் அவன் வாயால் ஒரு சொல் கேட்டதில்லை. கொட்டிலுக்குப் பின்னால் இன்னொரு குழி.

கரியை எவ்வளவு அழித்தாலும் முழுதாகப் போகாது. மங்கலாக ஒரு தடம் நிற்கும். எட்டாம் நாள் என் தாளில் மூன்று குழிகள் இருந்தன, இரண்டு மங்கலாக, ஒன்று கறுப்பாக. பென்சிலாலோ பெயின்றாலோ செய்திருந்தால் இது வந்திருக்காது. ஒவ்வொருவரும் சொன்னதற்கு ஒரு இடம் தாளிலேயே நின்றது.

அம்மம்மாவுக்கு இப்போது பார்வை குறைவு. பக்கத்தில் இருத்தி, அவரின் விரலைப் பிடித்து, இது கிணறு, இது கொட்டில், இது புளி என்று தாளில் நடத்திக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சுட்டுவிரலை நாக்கில் நனைத்து, புளிக்குக் கீழே அழுத்தித் தேய்த்தார். பிறவுண் பேப்பரில் அந்த விரலின் ரேகை அப்படியே விழுந்தது, கோடு கோடாக, நடுவில் ஊசி ஏறிய பழைய தழும்போடு.

“இந்த இடம். நானும் கொப்பரும்தான் தாட்டனாங்கள். எண்ணெய் பூசி, அவற்ற சாரத்தால சுத்தி, பொலித்தீன் போட்டு, உரப்பைக்குள்ள வைச்சு வாயைக் கட்டினது. தண்ணி வரக்கூடாதெண்டு மெழுகுதிரியும் உருக்கி ஊத்தினவர்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “உன்ர சட்டையும் அதுக்குள்ளதான்” என்றார்.

“என்ன சட்டை அம்மம்மா?”

“பொங்கலுக்குத் தைச்ச சட்டை. ஒரு கை பூட்டேல்ல. வந்து பூட்டுவம் எண்டு மெசினோட வைச்சனான்.”

2009 பொங்கலுக்கு நாங்கள் எங்கே இருந்தோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு ஒரு சட்டை பாதியில் இருந்தது என்பது பதினாறு பதினேழு வருடமாக எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அன்று அதற்கு மேல் ஒன்றும் வரையவில்லை.

அடுத்த நாள் கனவின் மறுபாதியை மாற்றினேன். குழிக்குப் பக்கத்தில் அப்பா குந்தியிருந்து தண்ணீர் அள்ளுகிறார். பேணியை மட்டும் வடிவாக வரைந்தேன், முகத்தை வரையவில்லை. தண்ணீர் வற்றுகிறது. மெசின் சத்தம் நிற்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பிறகு அது ஓடட்டும் என்று விட்டேன். சத்தம் வருவது குழிக்குள்ளிருந்து இல்லை, விறாந்தையில் அம்மம்மா சில்லைச் சுற்றுகிறார். இதைத் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடி ஒரு கால் மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தேன். மிஞ்சிய நாட்களில் இரண்டு முறை கனவு வந்தது. ஒருமுறை பழையபடியே. மற்றமுறை கை அசைந்தது. குழிக்குள் என்ன இருந்ததென்று பார்ப்பதற்குள் சங்கு ஊதிவிட்டார்கள்.

படத்தை நிலைக்கச் செய்யக் கடைச் சாமான் ஒன்றும் வாங்கவில்லை. ஆடை எடுத்த பாலில் தண்ணீர் கலந்து, பூங்கன்றுக்கு அடிக்கிற தெளிப்பானால் தூர நின்று இரண்டு முறை தெளித்தேன். கொழுப்பு இருந்தால் கறை விழும், ஆதலால் ஆடையை நன்றாக எடுக்க வேண்டும். பேப்பர் சுருங்கியது. பாய்க்கு அடியில் ஒரு இரவு வைத்ததும் சமமாகிவிட்டது. அம்மம்மாவின் விரல் பட்ட இடத்தில் மட்டும் தெளிக்கவில்லை. சிரட்டையால் மூடிவிட்டுத்தான் தெளித்தேன்.

லீவு முடிய முதல்நாள் இரவு, சின்னத் தாள் ஒன்றில் அந்தச் சட்டையை வரைய உட்கார்ந்தேன். கழுத்து வட்டமா, மடிப்பு எத்தனை, பின்னுக்குப் பொத்தானா நாடாவா என்று அம்மம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் சொன்னார். என்ன நிறம் என்றபோது நீலம் என்றார். குசினிக்குள்ளிருந்து அம்மா, “நீலமோ? அந்த முறை மஞ்சள் துணியெல்லே எடுத்தனாங்கள், கிளிநொச்சிச் சந்தையில” என்றார். “உனக்கென்ன தெரியும், தைச்சது நான்” என்றார் அம்மம்மா. இருவரும் நெடுநேரம் கதைத்தார்கள், எந்தக் கடை, எத்தனை யார், மிச்சத் துணியை யாருக்குக் கொடுத்தது என்று. நான் கரியை எடுத்து, பூட்டாத அந்தக் கையின் இடத்தை வெறுமையாக விட்டு, மற்றக் கையை வரைந்துகொண்டிருந்தேன்.