இடி தாக்கிய இதயம்: கோடைக் குறிப்புகள்

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பகலில் வெயில் கொளுத்தி, சாயங்காலம் இடியோடு மழை இறங்கும் நாட்கள். அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கும் ஊரில் முதலுதவி சொல்லித்தருபவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறோம்.

வீட்டில் ஷாக் அடிப்பதும் இடி விழுவதும் இதயத்துக்கு ஒன்றல்ல. வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். பிடித்த கை இறுகிக்கொள்ளும், மின்சாரம் நொடிக்கணக்கில் பாயும், இதயத்தின் கீழறைகள் தாறுமாறாக நடுங்கும். மின்னலின் உச்ச மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர் என்றாலும் மில்லி நொடிகளில் முடிந்துவிடும். பெரும்பகுதி தோலின் மேலாகவே ஓடிவிடுவதால் ஆழமான தீக்காயம் குறைவு. தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். இறப்பவர்களில் அநேகர் அங்கேயே இதயமும் மூச்சும் நின்றுபோனவர்கள்.

மே 7

மின்னல் பாயும் கணத்தில் இதயத் தசை முழுவதும் ஒருசேர மின்னிறக்கம் ஆகிறது. நடுங்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் கருவி செய்வதும் இதைத்தான், இங்கே அளவு பன்மடங்கு. எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் ஓய்வதால் ஈசிஜியில் நேர்கோடு. ஆனால் இதயத்தின் மேலறையிலுள்ள சைனஸ் கணுவுக்குத் தானாகத் துடிப்பைக் கிளப்பும் குணம் உண்டு. தசை அதிகம் கெடாதிருந்தால் சற்று நேரத்தில் அதுவே இதயத்தை ஓட்டத் தொடங்கிவிடும்.

மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலுள்ள மூச்சு மையம் அவ்வளவு சீக்கிரம் மீள்வதில்லை. இதயம் துடிக்கிறது, நுரையீரலுக்குக் காற்று போவதில்லை. ஆக்சிஜன் இறங்க இறங்க, மீண்ட இதயம் இரண்டாம் முறை நிற்கிறது, இம்முறை பெரும்பாலும் கீழறை நடுக்கமாக. நம்மால் தடுக்கக்கூடிய சாவு இதுதான். அந்த இடைவெளியில் யாராவது மூச்சு ஊதிக்கொண்டிருந்தால் ஆள் பிழைக்க வழி உண்டு. செத்துவிட்டதாகத் தோன்றுபவரையும் மீட்கலாம் என்று அமெரிக்கக் குழந்தைகள் இதய மருத்துவர் ஹெலன் டாசிக் 1968இல் எழுதினார்.

மே 8

ஒரே இடியில் பலர் விழுந்து கிடந்தால், அசைவில்லாதவரிடம் முதலில் போங்கள். முனகுபவரும் அழுபவரும் மூச்சு விடுகிறார்கள், அவர்கள் காத்திருக்கலாம். விபத்துக் களத்தின் வழக்கமான விதிக்கு இது நேர் எதிர். அதனாலேயே பழகியவர்களும் இதில் தடுமாறுகிறார்கள்.

உடம்பில் மின்சாரம் தங்காது, தயங்காமல் தொடலாம். இடி ஓயவில்லையென்றால் முதலில் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துங்கள். 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100–120 முறை அழுத்துங்கள். 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. நாடி வந்தும் மூச்சு வராவிட்டால் அழுத்துவதை நிறுத்தி, 6 நொடிக்கு ஒரு மூச்சு கொடுத்துக்கொண்டே இருங்கள். ஏஇடி (துடிப்பைத் தானே ஆராய்ந்து, தேவைப்பட்டால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) கிடைத்தால் நெஞ்சைத் துடைத்துவிட்டு அதன் பட்டைகளை ஒட்டுங்கள். ஈரத்தில் பட்டை பிடிக்காது.

மே 13

நாடி பார்ப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் கைகால் சில்லிட்டு, நீலம் பாய்ந்து, மணிக்கட்டில் துடிப்பே தெரியாமல் போகலாம். சில மணி நேரத்தில் பெரும்பாலும் தானே சரியாகும். கழுத்து நாடியைத்தான் நம்ப வேண்டும். கண்மணி விரிந்து அசையாமல் இருந்தாலும் மூளை செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், தானியங்கி நரம்புகள் தாக்கப்பட்டாலும் அப்படி ஆகும்.

மே 14

இடி தாக்கியவரை மண்ணிலோ சாணத்திலோ கழுத்தளவு புதைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. இறங்க எதுவும் இல்லை. குழி தோண்டும் நேரம் மூச்சு கொடுக்க வேண்டிய நேரம்.

மே 19

மருத்துவமனைக்கு நடந்து வந்தவருக்கும் ஈசிஜி எடுக்க வேண்டும். ஈசிஜி அலைகளில் எஸ்டி பகுதி உயர்வு, தலைகீழான டி அலை, க்யூடி நீட்சி (கீழறைகள் துடித்து மின்னளவில் மீளும் நேரம் நீள்வது) எல்லாம் வரலாம். முதல் ஈசிஜி சுத்தமாக இருந்து மறுநாள் மாறுவதும் உண்டு. நினைவிழந்தவர், நெஞ்சு வலி அல்லது மூச்சுத் திணறல் உள்ளவர், நேரடியாகத் தாக்கப்பட்டவர், கர்ப்பிணி ஆகியோரைக் குறைந்தது 24 மணி நேரம் மானிட்டரில் வைத்திருங்கள். ட்ரோபோனின் (இதயத் தசை கெட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) ஏறியிருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) பாருங்கள். அட்ரினலின் வெள்ளத்தில் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்ந்திருக்கலாம். அதை மாரடைப்பு என்று எண்ணி உடனே ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து ஏற்றிவிடக்கூடாது. செவிப்பறை கிழிந்து ரத்தக் கசிவும் இருக்கலாம், தலையில் அடியும் பட்டிருக்கலாம்.

க்யூடி நீண்டிருக்கும்போது வாந்திக்கு ஓண்டான்செட்ரான், காதுக்கு அசித்ரோமைசின் என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள், இரண்டும் க்யூடியை இன்னும் நீட்டும். பொட்டாசியம், மெக்னீசியம் அளவைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். சில வாரங்கள் கழித்து ஈசிஜியைத் திரும்ப எடுத்து, அலைகள் பழைய நிலைக்கு வந்தனவா என்று ஒப்பிடுங்கள்.