தொண்டியும் கீழக்கரையும் உடையாமல் படத்தில் வர

பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "தம்பி, காத்து, அலை நிலவரத்தை ஊர் ஊராப் படமாப் போட்டுத் தர முடியுமா? எழுத்தா அனுப்பினா குரூப்ல மேல போயிடுது, யாரும் தேடிப் படிக்கிறதில்ல."

இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் வெளியிடும் முன்னறிவிப்பிலிருந்து எண்களை எடுத்து, ஊர்ப்பெயருடன் சேர்த்து, தினமும் காலையில் தானாகப் படமாக்க வேண்டும். கையில் இருந்தது உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் வாடகை சர்வர். திரை கிடையாது, கமாண்ட் லைன் மட்டும்தான். கட்டளை கொடுத்தே படம் உருவாக்கும் இமேஜ்மேஜிக் மென்பொருள் போதும் என்று ஆரம்பித்தேன்.

முதலில் எழுத்துக்குப் பதில் வந்தவை வெறும் கட்டங்கள். சர்வரில் உள்ள எழுத்துருக்களைக் காட்டும் எஃப்சி-லிஸ்ட் கட்டளையில் தமிழைக் கேட்டால் ஒன்றுமே வரவில்லை, சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவியதும் சரியானது.

அடுத்து வந்ததுதான் உண்மையான சிக்கல். ஊர்ப்பெயர்களில் பாம்பன், மண்டபம் இரண்டும் ஒழுங்காக வந்தன. தொண்டி உடைந்தது: கொம்பு 'த'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்க் காலோடு சேர்ந்து நின்றது. கீழக்கரையில் இணைக்கொம்பு 'ர'வைத் தாண்டிவிட்டது. திருப்பாலைக்குடியில் 'கு' என்ற எழுத்து சேராமல், 'க' தனியாகவும் உகரக் குறி தனியாகவும் கிடந்தன.

யூனிகோடு தமிழைச் சொல்லும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் த, அப்புறம் ஒகரக் குறி. அந்த ஒரே குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்துவது, எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருளின் வேலை. இமேஜ்மேஜிக்கில் எழுத்துப் போடும் அனோடேட் கட்டளை, இடையில் இணைப்பாக நிற்கும் ரக்ம் நூலகம் சேர்க்கப்படாமல் இருந்தால் ஹார்ஃப்பஸிடம் போவதே இல்லை. குறிகளை வந்த வரிசையில் அடுக்கிவிடும். பாம்பனில் கொம்பே கிடையாது, காலும் புள்ளியும் எழுத்துக்குப் பின்னால்தான் வருகின்றன. அதனால் அது தப்பித்தது. ஆனால் 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' தப்பவில்லை. செல்ல, வேண்டாம் இரண்டிலும் கொம்பு இருக்கிறது. காற்று ஏறும் நாளில் எந்த வரி தெளிவாகத் தெரிய வேண்டுமோ அந்த வரிதான் உடைந்தது. இதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

இமேஜ்மேஜிக்கின் பதிப்பு விவரத்தைக் கேட்டால், கூடவே சேர்க்கப்பட்ட நூலகங்களின் பட்டியலும் வரும். என்னுடையதில் ரக்ம் இல்லை, பாங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகத்தைப் பயன்படுத்த உதவும் பாங்கோகெய்ரோ இருந்தது. அது போதும். பாங்கோ எழுத்துகளை ஹார்ஃப்பஸ் வழியாகத்தான் கோக்கிறது. அனோடேட்டை விட்டுவிட்டு, உரைக்கு முன்னால் 'பாங்கோ' என்று எழுதி முக்காற்புள்ளி வைத்துக் கொடுத்தேன். தொண்டி தொண்டியாகவே வந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாங்கோவுக்கு எழுத்துருக் கோப்பின் பாதை வேண்டாம், எஃப்சி-லிஸ்ட் காட்டும் எழுத்துருக் குடும்பப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். அதோடு போல்ட் என்று சேர்த்துவிட்டால் வெயிலில் ஃபோனைப் பார்ப்பவர்களுக்கு வசதி. உரையைக் கோப்பிலிருந்து படிக்க அட் குறி (@) போட்டால் அனுமதி மறுக்கப்படும், இமேஜ்மேஜிக் எதைச் செய்யலாம் என்று வரையறுக்கும் உபுண்டுவின் பாலிசி கோப்பு அதைத் தடுத்து வைத்திருக்கிறது. சர்வரில் அந்தத் தடை இருப்பதே நல்லது. அதனால் பாங்கோவோடு வரும் பாங்கோ-வியூ என்ற கட்டளைக்கு மாறினேன். அது கோப்பை நேரடியாகப் படிக்கும், அகலம் சொன்னால் வரியை மடிக்கும், திரை இல்லாமலும் படத்தைக் கோப்பாக எழுதித் தரும்.

அப்படியும் சில ஊர்ப்பெயர்கள் தப்பாக வந்தன. எனக்குக் கிடைத்த பட்டியலில் காலுக்குப் பதில் 'ர' தட்டியிருந்தார்கள். 'தொண்டி' என்று பார்வைக்குத் தெரிந்தது உண்மையில் 'தெரண்டி'. இதை எந்தக் கருவியும் சரிசெய்யாது. தெரு, பெரிய என்று கொம்புக்குப் பின் 'ர' வரும் சரியான சொற்களும் உண்டு என்பதால், ஸ்கிரிப்ட் போட்டு மொத்தமாக மாற்றவும் முடியாது. பட்டியலை ஊர் ஊராகப் பார்த்துக் கையால் திருத்தினேன்.